இருபத்தோராவது மணி

அந்தச் சம்பளச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். மொத்த நேரம் 76 மணி, சாதாரண விகிதம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'ஓவர்டைம்' என்று அச்சடித்த கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும்.

ஒரு சரக்குக் கிடங்கில் பகுதிநேரமாக, மணிக்கூலிக்கு, வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. வாரத்துக்கு 20 மணி என்று பேச்சு. நாளைக்கு நான்கு மணி, ஐந்து நாள். ஆனால் இருப்புக் கணக்கெடுக்கும் வாரம் வந்துவிட்டால் அங்கே யாருக்கும் நேரம் காலம் கிடையாது. அந்த முறை முதல் வாரம் 46 மணி நின்றேன். மிச்சம் மீதியை முடிக்க அடுத்த வாரம் 30 மணி. ராத்திரி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பாதத்தில் பள்ளமாக நிற்கும்.

சீட்டைக் கையில் வாங்கியதும் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார்: "நீங்க பார்ட் டைம்தானேம்மா. ஓட்டி, அதான் ஓவர்டைம், அதெல்லாம் ஃபுல் டைம் ஆளுங்களுக்கு. அதுவுமில்லாம, ரெண்டு வாரத்துக்கு 80 மணி தாண்டலையே."

ஒரே மூச்சில் இரண்டு காரணம். இரண்டுமே தப்பு. ஆனால் நான் இரண்டையும் நம்பி, சரி சார் என்று திரும்பி வந்துவிட்டேன்.

பக்கத்து மேசையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அக்காதான் என்ன ஏது என்று விசாரித்தார். அவரும் பகுதிநேரம்தான், என்னைவிட ஒன்பது வருடம் மூத்தவர் அந்த வேலையில். ஏப்ரன் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார், அதன் சுருள் கம்பியில் ஒரு பென்சில் துண்டு செருகியிருக்கும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "முதல் வாரத்துல 46 பார்த்தல்ல? அப்ப அந்த ஆறு மணி ஓட்டி. அடுத்த வாரத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். பெட்டியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

இந்த விஷயத்தை நான் படிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். வருடங்கள் ஆகிவிட்டன. இப்போதும் யாராவது பகுதிநேர ஆள், "எனக்கு ஓவர்டைம் உண்டா இல்லையா?" என்று கேட்டால் நேராக உண்டு, இல்லை என்று நான் சொல்வதில்லை. திருப்பிக் கேட்பேன்: எந்த மணியிலிருந்து?

ஏனென்றால், 'பகுதிநேரம்' என்ற சொல்லுக்கு ஓவர்டைம் சட்டங்களில் நாம் நினைக்கிற வலு கிடையாது. அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டு நியாயமான தொழில் தரச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முழுநேரம் என்றால் என்ன, பகுதிநேரம் என்றால் என்ன என்று எங்கும் வரையறையே இல்லை. அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாளி யாராக இருந்தாலும் ஒரு வாரத்தில் 40 மணியைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு. அவ்வளவுதான். இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று கோடு போட்டு, அதற்கு மேல் இரட்டைச் சம்பளம் என்றது. அங்கேயும் கணக்கு வேலை பார்த்த நேரத்துக்குத்தான். உங்கள் அடையாள அட்டையில் 'தற்காலிகம்' என்று எழுதியிருக்கிறதா, 'பகுதிநேரம்' என்று எழுதியிருக்கிறதா என்பதை அந்தக் கோடு பார்ப்பதில்லை.

ஆக, "பார்ட் டைமுக்கு ஓட்டி கிடையாது" என்று யாராவது சொன்னால், அதைச் சட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அநேகமாக அது அந்த இடத்துப் பழக்கம். பல இடங்களில் சொல்கிறவருக்கே அது தெரியாது. அவருக்கும் மேலே இருந்த ஒருவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்.

சரி, எதிர்ப்பக்கத்துத் தப்பும் இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை நம்பிக் கேட்டுவிட்டு முகம் சிவந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். "என் ஒப்பந்தம் 20 மணி. 28 மணி பார்த்தேன். எட்டு மணிக்கு ஒன்றரை மடங்கு வரவேண்டும்தானே?" இதுதான் நியாயம் என்று மனசு சொல்லும். பெரும்பாலான நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்வதில்லை. அந்த எட்டு மணிக்குச் சாதாரணக் கூலி கட்டாயம் வரவேண்டும். ஒன்றரை மடங்கு என்பது முழுநேர ஆளின் கோட்டைத் தொட்ட பிறகுதான். சிங்கப்பூரின் விதிகள் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கின்றன. அங்கே வாரத்துக்கு 35 மணிக்குக் குறைவாக ஒப்பந்தம் இருந்தால் பகுதிநேரம். உங்கள் வழக்கமான நேரத்தைத் தாண்டி, முழுநேர ஆள் பார்க்கும் நேரம் வரைக்கும் சாதாரண மணி விகிதம். அதற்கும் மேலே போனால் ஒன்றரை மடங்கு. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு விதிமுறைகளும் இதே அமைப்புதான்.

பிரிட்டனில் கதை வேறு. தனியார் வேலையில் ஓவர்டைமுக்கு இத்தனை மடங்கு என்று பொதுச் சட்டமே கிடையாது, எல்லாம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சராசரிக் கூலி குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, அவ்வளவுதான் கட்டாயம். பகுதிநேர ஆட்களைத் தாழ்வாக நடத்தக் கூடாது என்று 2000-இல் அங்கே தனி விதிகள் வந்தன. அவற்றிலும்கூட, முழுநேர ஆளின் மணியை எட்டும் வரை ஓவர்டைம் விகிதம் தராமல் இருப்பது பாகுபாடு ஆகாது என்று ஒரு விலக்கு வைத்துவிட்டார்கள்.

இந்தக் கோடு ஏன் எல்லா இடத்திலும் முழுநேர ஆளின் காலடியில் கிடக்கிறது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. வரலாற்றைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் தொடங்கியதும் செய்த முதல் உடன்படிக்கையே வேலை நேரம் பற்றியதுதான்: நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் வேலை வாங்கினால் குறைந்தது ஒன்றேகால் மடங்கு. அமெரிக்கச் சட்டத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் 1938 ஜூனில் கையெழுத்துப் போட்டபோது வாரக் கோடு 44 மணியாக இருந்தது. படிப்படியாக இறங்கி 1940-இல் 40-க்கு வந்தது. பெரும் பொருளாதார மந்தத்தில் கோடிக்கணக்கானோர் வேலையில்லாமல் நின்ற காலம் அது. ஒரே ஆளை 60 மணி பிழிவதைவிட இன்னொருவரை வேலைக்கு வைப்பது முதலாளிக்கு மலிவாக இருக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். ஆகவே ஓவர்டைம் என்பது தொழிலாளிக்குத் தரும் சன்மானமாக மட்டும் பிறக்கவில்லை. முதலாளி கட்டும் அபராதமாகவும் பிறந்தது. (விவசாயக் கூலிகளை அந்தச் சட்டம் வெளியே நிறுத்தியது. யாருடைய களைப்பு கணக்கில் வரும், யாருடையது வராது என்பதை அன்றைக்கும் யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.)

அந்த அபராதம் நீண்ட வாரத்துக்கு என்று போட்டது. வாரத்துக்கு 20 மணி பார்க்கிற ஒரு பெண், எவனோ போன் போட்டான் என்பதற்காக 35 மணி நிற்பாள் என்று அன்று யாரும் மனதில் வைக்கவில்லை. அதன் விளைவைப் பாருங்கள். முழுநேர ஆளை ஒரு மணி கூடுதலாக நிறுத்தினால் முதலாளிக்கு ஒன்றரை மடங்கு செலவு. பகுதிநேர ஆளை இருபது மணி கூடுதலாக நிறுத்தினாலும் கூடுதல் செலவு ஒன்றுமில்லை. அப்புறம் எந்த மேலாளர் யாரைக் கூப்பிடுவார்? இது ஒருவருடைய கெட்ட எண்ணம் இல்லை, கணக்கு. எங்கள் கிடங்கில் 30 மணி ஒப்பந்தம் கேட்டவர்களுக்கு அது ஒருபோதும் கிடைத்ததில்லை. ஆனால் 20 மணி ஒப்பந்தத்தில் 30 மணி வேலை எப்போதும் கிடைத்தது. வேலை வற்றிய வாரம் 20-க்குத் திரும்பிவிடலாமே.

அந்த இருபத்தோராவது மணி என்ன விலைக்கு வருகிறது என்பது பகுதிநேரம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெரும்பாலும் நாம் ஒரு காரணத்துக்காகத்தான் பகுதிநேரம் போகிறோம். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரவேண்டும், படுத்திருக்கும் பெரியவருக்கு மருந்து கொடுக்க வேண்டும், மாலை வகுப்பு இருக்கும், இல்லாவிட்டால் இன்னொரு வேலை இருக்கும். நான்கு மணிக்கு முடியும் ஷிப்ட் ஆறு மணிக்குப் போனால், அந்த இரண்டு மணிக்கு நான் வேறு யாரிடமாவது கடன் வாங்கியாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம், என் அம்மாவிடம், சில நாள் என் தூக்கத்திடம். முழுநேர ஆளுக்கு 41-ஆவது மணி பாரம் என்றால் எனக்கு 21-ஆவது மணியே பாரம். சட்டம் முதலாவதைப் பார்த்தது, இரண்டாவதைப் பார்க்கவில்லை.

பார்த்த நாடுகளும் உண்டு. பிரான்சில் முழுநேர வாரம் 35 மணி. பகுதிநேர ஆள் தன் ஒப்பந்தத்தைத் தாண்டிப் பார்க்கும் மணிகளுக்கு அங்கே தனிப் பெயரே இருக்கிறது, தனி விகிதமும் இருக்கிறது. பொதுச் சட்டத்தின்படி, ஒப்பந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் 10 சதவீதம் கூடுதல். கூட்டு ஒப்பந்தம் அனுமதித்தால் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் போகலாம், அந்தப் பகுதிக்கு 25 சதவீதம். 24 மணி ஒப்பந்தம் என்றால் முதல் 2 மணி 24 நிமிடத்துக்கு 10 சதவீதம், அப்புறம் 32 மணி வரைக்கும் 25 சதவீதம் என்று கணக்கு வரும். எப்படியும் 35-ஐத் தொடக் கூடாது. மூன்று நாளுக்குக் குறைவான அவகாசத்தில் சொன்னால் தொழிலாளி மறுக்கலாம், அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு விதி. தொடர்ந்து 12 வாரம், சராசரியாக வாரம் 2 மணி அல்லது அதற்கு மேல் ஒப்பந்தத்தைத் தாண்டி வேலை வாங்கினால், தொழிலாளி மறுக்காத பட்சத்தில், அந்த மணிகள் ஒப்பந்தத்துக்குள்ளேயே சேர்ந்துவிடும். அதாவது, உனக்கு உண்மையில் 30 மணி ஆள்தான் வேண்டும் என்றால் 30 மணி என்று எழுதிக் கொடு என்கிறது சட்டம். இதை முதன்முதலில் படித்தபோது எங்கள் கிடங்கின் ஷிப்ட் பலகை கண் முன்னால் வந்து நின்றது.

ஜெர்மனியில் இது நீதிமன்றம் வழியாக வந்தது, ஆற அமர, முப்பது வருடத்தில். சில பகுதிநேர ஊழியர்களின் வழக்கில் லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் 1994-இல் தீர்ப்புச் சொன்னது. முழுநேர எல்லையைத் தாண்டினால்தான் ஓவர்டைம் கூடுதல் என்பது பாகுபாடு இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே எண்ணிக்கை மணி பார்த்தால் இரண்டு பேருக்கும் அதே சம்பளம்தானே என்பது அதன் வாதம்.

பத்து வருடம் கழித்து, 2004-இல், ஒரு பகுதிநேர ஆசிரியையின் வழக்கில் தீர்ப்பு வந்தது. பணம் சின்னதுதான்: ஒரு மாதத்தில் அவர் கூடுதலாக எடுத்த இரண்டரை மணி நேர வகுப்பு. மாதம் 3 மணி வரைக்கும் கூடுதல் வகுப்புக்குக் கூலியே இல்லை என்பது அங்கே விதி. முழுநேரம், பகுதிநேரம் எல்லாருக்கும் ஒரே விதிதான், அப்புறம் என்ன பாகுபாடு? நீதிமன்றம் எளிமையாகக் கணக்குப் போட்டது. முழுநேர ஆசிரியர் மாதம் 98 மணி பாடம் எடுக்கிறார், 3 மணி என்பது அவருக்குச் சுமார் 3 சதவீதம். இவர் மாதம் 60 மணி எடுக்கிறார், இவருக்கு அதே 3 மணி 5 சதவீதம். ஒரே எண், ஆனால் ஒரே பாரம் இல்லை. இந்த ஒரு வகுத்தலில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கு 21-ஆவது மணி பாரம் என்று மேலே புலம்பினேனே, அதை ஒரு நீதிபதி எண்ணில் எழுதிக் காட்டினார்.

அப்புறம் 2024 ஜூலையில் டயாலிசிஸ் செவிலியர்களின் வழக்கு. பகுதிநேரமாக வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். ஒருவர் முழுநேரத்தில் 40 சதவீதம், இன்னொருவர் 80 சதவீதம். முழுநேரம் என்றால் வாரம் 38 மணி 30 நிமிடம். ஓவர்டைமுக்கு 30 சதவீதம் கூடுதல் உண்டு, ஆனால் முழுநேர ஆளின் மாத அளவைத் தாண்டினால் மட்டும். 40 சதவீதக்காரருக்கு இது என்ன ஆகிறது என்று பாருங்கள். அவருடைய வாரம் சுமார் 15 மணி 24 நிமிடம். அந்தக் கூடுதலின் வாசலைத் தொடவே அவர் இன்னும் 23 மணிக்கு மேல் உழைக்க வேண்டும், அதாவது மொத்தத்தில் தன் வாரத்தைப் போல இரண்டரை மடங்கு. அவர் கணக்கில் சேர்ந்து கிடந்த கூடுதல் நேரம் 129 மணி 24 நிமிடம். அதற்கு ஒரு சதவீதம்கூடக் கூடுதல் கிடைக்கவில்லை.

முதலாளி தரப்பு சொன்ன நியாயம்: இந்தக் கூடுதலே, ஆட்களை அளவுக்கு மீறி வேலை வாங்காமல் இருக்கத்தான். நீதிமன்றம் அந்த வாதத்தை அப்படியே திருப்பிப் போட்டது. பகுதிநேர ஆளுக்குக் கூடுதல் இல்லை என்றால், முதலாளிகள் அவர்கள் தலையில்தானே அதிகமாக ஓவர்டைம் கட்டத் தோன்றும் என்றது. பகுதிநேர ஆட்களில் பெண்கள் மிக அதிகமாக இருந்தால் இது பெண்களுக்கு எதிரான மறைமுகப் பாகுபாடாகவும் ஆகும் என்றது. அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று ஜெர்மனியின் உச்சத் தொழிலாளர் நீதிமன்றம் அதை ஏற்று, கூடுதலை அந்த 40 சதவீதக்காரரின் நேரக் கணக்கில் சேர்க்கச் சொன்னது, பாகுபாட்டுக்கு 250 யூரோ இழப்பீடும் தரச் சொன்னது. தொகை சின்னதுதான். ஆனால் முழுநேர ஆளின் காலடியில் கிடந்த கோட்டை இந்தப் பெண் தன் காலடிக்கு இழுத்துவிட்டார்.

எல்லா நாட்டிலும் இது வர நாளாகும். அதுவரைக்கும் இருக்கிற சட்டத்திலேயே பகுதிநேர ஆட்கள் இழப்பது கொஞ்சமில்லை, அதை மீட்கலாம். எங்கே இழக்கிறோம் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலாவது, நாள் கோடு. நாம் எல்லாரும் வாரக் கணக்கையே பார்க்கிறோம். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வரும் ஆளுக்கு வாரக் கோடு எட்டாக்கனி. ஆனால் நாள் கோடு இருக்கும் இடங்களில் கதை மாறும். கலிபோர்னியாவில் ஒரு நாளில் 8 மணி தாண்டினால் ஒன்றரை மடங்கு, 12 தாண்டினால் இரண்டு மடங்கு. ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வந்து, ஒவ்வொரு நாளும் 11 மணி நின்றார் என்று வையுங்கள். மொத்தம் 22 மணி, பகுதிநேரம்தான், வாரக் கோட்டின் பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் அவருக்கு ஆறு மணி ஓவர்டைம். உங்கள் நாட்டில், உங்கள் தொழிலில் நாள் கோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பகுதிநேர ஆளுக்கு வாரக் கோட்டைவிட நாள் கோடுதான் பெரும்பாலும் சோறு போடும்.

இரண்டாவது, என் சம்பளச் சீட்டில் நடந்தது: இரண்டு வாரத்தைக் கூட்டிச் சராசரி பார்ப்பது. வாரம் என்று சட்டம் சொன்னால் வாரம்தான். நான் வேலை பார்த்த இடத்தில் சட்டம் தொடர்ச்சியான ஏழு நாளை ஓர் அலகாக வைத்தது. 46-ஐயும் 30-ஐயும் கூட்டி 76, எண்பதுக்குள் இருக்கிறது என்று சொல்ல அதில் வழியில்லை. மணிக்கு 100 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். எனக்குக் கொடுத்தது 7,600. முதல் வாரம் 40 மணிக்கு 4,000, ஆறு மணிக்கு 150 வீதம் 900, இரண்டாவது வாரம் 3,000 என்று 7,900 வந்திருக்க வேண்டும். வித்தியாசம் மூன்று மணி நேரக் கூலி. (சில நாடுகளில் பல வாரங்களைச் சராசரி பார்க்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. அதனால் அங்கே இதே வாதத்தை வைப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

ஒரே முதலாளியிடம் இரண்டு பிரிவில், இரண்டு கிளையில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதே மாதிரி நடக்கும். காலையில் ஒரு கிளையில் 24 மணி, மாலையில் இன்னொரு கிளையில் 22 மணி. தனித்தனிச் சீட்டு, இரண்டிலும் பகுதிநேரம். முதலாளி ஒருவர் என்றால் அமெரிக்கச் சட்டம் இரண்டையும் கூட்டித்தான் பார்க்கும்: 46 மணி. வெவ்வேறு முதலாளிகள் என்றால் பொதுவாக இது பொருந்தாது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வலிப்பது: கணக்கிலேயே ஏறாத நிமிடங்கள். கார்டை பஞ்ச் பண்ணிவிட்டு, "இதை மட்டும் எடுத்து வெச்சிட்டுப் போம்மா" என்பார்கள். பத்து நிமிடம். யாரும் பெரிதாக நினைப்பதில்லை, நானும் நினைத்ததில்லை. ஒரு நாள் அக்கா நோட்டைத் திறந்து கூட்டிக் காட்டினார். தினம் பத்து நிமிடம், வாரம் ஐந்து நாள், வருடத்தில் ஐம்பது வாரம்: 2,500 நிமிடம். 41 மணி 40 நிமிடம். வாரத்துக்கு 20 மணி ஆளுக்கு அது இரண்டு வாரத்துக்கும் மேலான சம்பளம். ஒவ்வொரு வருடமும். பஞ்ச் நேரத்தை அருகில் இருக்கும் கால் மணிக்கு முழுமையாக்கும் இயந்திரம் இருந்தால் அதையும் கவனியுங்கள். அமெரிக்காவில் அப்படி முழுமையாக்க நீண்ட காலமாக அனுமதி உண்டு, ஆனால் அது நம் பக்கமும் முதலாளி பக்கமும் சமமாக விழ வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் விழுந்தால் அது முழுமையாக்கல் இல்லை.

"நான் அனுமதி கொடுக்கவே இல்லையே, நீயாகத்தானே நின்றாய்" என்று சொல்வதும் பல இடங்களில் செல்லாது. வேலை நடப்பது தெரிந்தும் தடுக்காமல் இருந்தால், அதன் பலனை வாங்கிக்கொண்டால், அது வேலை நேரம்தான் என்பது அமெரிக்கச் சட்டத்தின் நிலை. அனுமதியில்லாமல் நின்றதற்கு எச்சரிக்கை கொடுக்கலாம், கூலியை நிறுத்த முடியாது. எனக்கு ஓவர்டைம் வேண்டாம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும் அங்கே அது செல்லாது என்று 1945-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலை போய்விடும் என்ற பயத்தில் யாரும் தன் உரிமையை எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

நோட்டுக்கு வருகிறேன். அக்காவின் நோட்டில் பக்கத்துக்கு ஒரு வாரம். தேதி, வந்த நேரம், கிளம்பிய நேரம், சாப்பாட்டு இடைவேளை எத்தனை நிமிடம், யார் நிற்கச் சொன்னார்கள். பஞ்ச் பண்ணிய நேரமும் உண்மையில் கிளம்பிய நேரமும் வேறு என்றால் இரண்டையும் எழுதுவார். வேறு ஒன்றும் இருக்காது, புலம்பல்கூட இருக்காது. இதெல்லாம் ஒரு சாட்சியா என்று நான் கேட்டிருக்கிறேன். 1946-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்த ஒரு வழக்கைப் படித்த பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்பதில்லை. மிச்சிகன் மாநிலத்தில் மவுண்ட் கிளெமன்ஸ் என்ற ஊரில் ஒரு பீங்கான் தொழிற்சாலை. சுமார் எட்டு ஏக்கர் கட்டடம், ஏறத்தாழ 1,200 பேர். ஷிப்ட் தொடங்க 14 நிமிடம் இருக்கும்போதே கார்டு அடிக்கலாம். அதற்குப் பிறகு தன் மேசைக்கு நடந்து, ஏப்ரன் கட்டி, கையில் டேப் சுற்றியோ கிரீஸ் தடவியோ, இயந்திரத்தைத் தயார் செய்ய வேண்டும். கூலி ஆரம்பிப்பது அதற்கு அப்புறம்தான். தொழிலாளிகளால் ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிடம் போனது என்று துல்லியமாகக் காட்ட முடியவில்லை. நீதிமன்றம் சொன்னது: நேரத்தைப் பதிவு செய்வது முதலாளியின் கடமை. அவர் ஒழுங்காகப் பதிவு செய்யாதபோது, தொழிலாளி துல்லியமாகக் காட்டவில்லை என்று தண்டிக்க முடியாது. நியாயமாக ஊகிக்கும் அளவுக்கு ஆதாரம் இருந்தால் போதும், அது தவறு என்று காட்டும் பொறுப்பு முதலாளி மேல் போய்விடும். நடை நேரத்தை அடுத்த வருடமே வேறொரு சட்டம் போட்டு வெளியே தள்ளிவிட்டார்கள், அது வேறு. ஆனால் ஆதாரம் பற்றிய அந்த வாக்கு அங்கே இன்றைக்கும் நிற்கிறது. சுருள் கம்பியில் பென்சில் செருகிய ஒரு நோட்டுக்கு அந்த வலு இருக்கிறது.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நான் இரண்டாவது முறை சூப்பர்வைசரிடம் வாயால் கேட்கவில்லை. ஒரே பக்கத்தில் எழுதினேன். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை முதல் வாரம், நாள்வாரியாக நேரம், மொத்தம் 46, சட்டத்தின் எல்லை 40, பாக்கி ஆறு மணிக்கு அரை மடங்கு. கோபமாக ஒரு சொல்லும் இல்லை. சம்பளக் கணக்குப் பிரிவுக்கு ஒரு நகல், என்னிடம் ஒரு நகல். கேட்டதற்காக வேலையை விட்டு எடுப்பதும் மணியைக் குறைப்பதும் பல நாடுகளில் தனிக் குற்றம். ஆனால் பகுதிநேர ஆளின் மணியைக் குறைப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்த வாரம் முழுக்க ஷிப்ட் பலகையைப் பார்க்கப் போகும்போது வயிறு கலங்கிக்கொண்டேதான் இருந்தது. இன்னொன்று, காலம் கடத்தாதீர்கள். பெரும்பாலான நாடுகளில் உரிமை கோர ஒரு காலக்கெடு உண்டு. அமெரிக்காவில் பொதுவாக இரண்டு வருடம், வேண்டுமென்றே செய்தது என்றால் மூன்று. பின்னோக்கி எவ்வளவு கேட்கலாம் என்பதையும் அந்தக் கெடுவே முடிவு செய்யும்.

ஒன்றரை மாதம் கழித்துச் சம்பளச் சீட்டில் புதிதாக ஒரு வரி வந்தது: முந்தைய காலச் சரிக்கட்டல். சம்பளக் கணக்கு மென்பொருளில் வாரத்துக்குப் பதிலாக இரண்டு வாரம் என்று அமைத்து வைத்திருந்தார்களாம். கணக்கெடுப்பில் நின்ற மற்றப் பகுதிநேர ஆட்களுக்கும் அதே வரி வந்தது. சூப்பர்வைசர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அக்கா தன் சீட்டில் வந்த தொகையை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, பக்கத்தின் அடியில் ஒரு சரிக்குறி போட்டார்.

எனக்குக் கிடைத்தது 41 முதல் 46 வரையுள்ள மணிகளுக்கு. 21 முதல் 40 வரை நின்ற இருபது மணிக்கு அன்றைக்கும் கூடுதல் இல்லை, அதைக் கேட்க அங்கே சட்டமும் இல்லை.

டயாலிசிஸ் செவிலியர் தீர்ப்பைப் படித்த அன்று அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் இப்போது வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கிறார். விவரத்தை எல்லாம் சொன்னேன். நீதிமன்றம், 40 சதவீதம், 30 சதவீதம் எதையும் அவர் திருப்பிக் கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு எத்தனை மணி சேர்ந்திருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"129 மணி 24 நிமிஷம்கா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "24 நிமிஷம் வரைக்கும் கணக்குல இருந்திருக்கு பாரு," என்றார்.